ஒரு கைப்பிடி சுக்குவெல்லக் கடலை
வீட்டில் செய்யும் முறையும், நோயாளிக்குக் கொடுக்கும்முன் அறிய வேண்டியவையும்

பிற்பகல் இரண்டு மணிக்கு முதல் ஷிப்டு முடிகிறது. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலை வாயில்களைவிட்டு நிறுவனப் பேருந்துகள் வரிசையாகப் புறப்படும் நேரம் அது. சற்று நேரத்தில் எங்கள் பார்வையாளர் கூடம் நிரம்பத் தொடங்கும். சீருடையைக்கூட மாற்றாமல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு பலர் வந்து நிற்பார்கள். ஒருவருக்கு உடன் வேலை செய்யும் நண்பரைப் பார்க்க வேண்டும். இன்னொருவருக்கு விடுதி அறைத்தோழியை. மற்றொருவருக்கு ஊரிலிருந்து சிகிச்சைக்கு அழைத்துவந்த தந்தையை.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் வழக்கம். ஆரஞ்சும் ரொட்டியும் இளநீரும் வருகின்றன. அவற்றோடு அடிக்கடி வருவது கடலை. வழியில் வாங்கிய வறுத்த கடலையாக இருக்கலாம்; கடலை மிட்டாயாக இருக்கலாம்; அம்மா ஊரில் செய்து, பழைய ஆர்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, பேருந்தில் கொடுத்தனுப்பிய வெல்லக் கடலையாகவும் இருக்கலாம்.

அந்தப் பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “இதெல்லாம் கொடுக்கக் கூடாது” என்று சொல்லி அனுப்பிவிடுவது எங்களுக்கு எளிது. ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தும் விடை அன்று. காய்ச்சலில் மெலிந்து தேறிவரும் இருபது வயதுப் பெண்ணுக்கு அதே கடலை நல்ல உணவு. அடுத்த கட்டிலில் சிறுநீரகம் பழுதடைந்து படுத்திருப்பவருக்கு அதே கைப்பிடி தீங்காகலாம். எதிர்க் கட்டிலில் உள்ளவரைப் பார்க்க வந்த குடும்பத்தின் மூன்று வயதுக் குழந்தைக்கு அதுவே உயிராபத்து. ஆகவே ‘கடலை நல்லதா, கெட்டதா’ என்று கேட்பதைவிட, ‘யாருக்கு, எவ்வளவு, எந்த வடிவில்’ என்று கேட்பதே பொருத்தம். வீட்டில் நாமே செய்தால் இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்வது எளிது. உள்ளே என்ன போட்டோம், எவ்வளவு போட்டோம் என்பது நமக்குத் தெரியும். அதனால் இம்முறை ஒரு பலகாரத்தின் செய்முறையோடு உங்களைச் சந்திக்கிறோம்.

நம் பக்கத்துக் கடலை

நிலக்கடலை நம் மண்ணில் தோன்றியதன்று. அதன் தாயகம் தென்னமெரிக்கா. ஆயினும் இன்று அது இல்லாத தமிழ்ச் சமையலறை இல்லை. இப்பகுதித் தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் ஆட்களை அனுப்பும் செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் அது முதன்மையான பயிர்களுள் ஒன்று. திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. இரகங்கள் நாடெங்கும் விதைக்கப்பட்டவை. அந்த ஊர்களில் இதை மணிலாக்கொட்டை என்பார்கள். பேச்சில் அது மல்லாட்டை ஆகிவிடும். தெற்கே கோவில்பட்டியில் கரிசல் நிலத்துக் கடலையையும் வெல்லப் பாகையும் சேர்த்துச் செய்யும் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கேரளத்தார் வாழைக்காய் வறுவலை வெல்லப் பாகில் இட்டு, சுக்குத்தூள் தூவிக் கிளறி, துண்டு துண்டாகப் பிரித்துச் ‘சர்க்கரை உப்பேரி’ செய்வார்கள். நாம் இங்கே சொல்லப்போகும் சுக்குவெல்லக் கடலை, கோவில்பட்டிப் பாகையும் உப்பேரியின் கைப்பக்குவத்தையும் சேர்த்துக்கொண்டது. மிட்டாய்போல ஒட்டி இறுகாமல் மணி மணியாக உதிர்ந்து நிற்கும். எண்ணிக் கொடுக்கலாம், அளந்தும் கொடுக்கலாம். மருத்துவமனைக்கு அந்த வசதி தேவை.

இன்னொரு காரணமும் உண்டு. இவ்வட்டாரத்தில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்குச் சொந்தச் சமையலறை இல்லை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்க இடம் உண்டு. விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் இருப்போர் இன்னும் பலர். இரவு ஷிப்டின் நடுவே பசிக்கும்போது தேநீரும் பிஸ்கட்டுமே அவர்களுக்குத் துணை. காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் கெடாமல் இருக்கும் ஒரு புரத உணவு, ஊரிலிருந்து வரும் சிறந்த சீதனம்.

தேவையானவை

தோலுடன் கூடிய பச்சை வேர்க்கடலை 250 கிராம். பொடித்த வெல்லம் 80 கிராம். தண்ணீர் 3 மேசைக்கரண்டி. சுக்குத்தூள் 1 தேக்கரண்டி. ஏலக்காய்த்தூள் அரைத் தேக்கரண்டி. மிளகுத்தூள் கால் தேக்கரண்டி. வெறும் வாணலியில் வறுத்த அரிசிமாவு 1 தேக்கரண்டி. நெய் 1 தேக்கரண்டி. உப்புச் சேர்க்க வேண்டியதில்லை.

முதலில் பொறுக்குதல்

கடலையை முறத்தில் பரப்பி ஒவ்வொன்றாகப் பாருங்கள். சுருங்கியவை, கருத்தவை, பூஞ்சை படிந்தவை, முளைவிட்டவை, பூச்சி அரித்தவை அனைத்தையும் எறிந்துவிடுங்கள். இது சிக்கனம் பார்க்கும் இடமன்று. 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. அவற்றுக்குத் தீவனமாக இடப்பட்ட கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த ஒரு பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். அது கல்லீரலைத் தாக்கும். நெடுங்காலம் உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். வறுப்பதால் அது முழுவதும் அழிவதில்லை. ஆதலால் ஈரம் படாமல் காய்ந்த கடலையாக வாங்குவதும், கெட்டதைப் பொறுக்கி நீக்குவதும்தான் பாதுகாப்பு. தின்னும்போது ஒரு மணி கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

வறுத்தலும் பாகும்

அடிகனமான இரும்பு வாணலியில் கடலையைப் போட்டுச் சிறு தீயில் இடைவிடாமல் கிளறுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஆகும். முதலில் படபடவென்று வெடிக்கும். பின்பு அந்தச் சத்தம் அடங்கும். ஒன்றை எடுத்து ஆறவிட்டு விரலால் தேய்த்தால் தோல் கழன்று, உள்ளே இளம்பொன் நிறம் தெரிய வேண்டும். உடனே வேறு தட்டில் கொட்டிவிடுங்கள். சூடான வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் மேலும் வறுபட்டுக் கசந்துவிடும். ஆறியபின் துணியில் கட்டித் தேய்த்து, தோலைப் புடைத்து நீக்குங்கள்.

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொதி வந்ததும் இறக்கி வடிகட்டுங்கள். மண்ணும் தூசியும் நீங்கும். வடித்ததை மறுபடி வாணலியில் ஊற்றி நடுத்தரத் தீயில் காய்ச்சுங்கள். நுரை பொங்கிப் பெரிய குமிழிகள் சிறிதாகி, நிறம் சற்றே கருக்கும்போது பதம் பார்க்க வேண்டும். ஒரு கிண்ணத்துக் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டுப் பாகை விடுங்கள். கரைந்தால் இன்னும் காயவில்லை. மெத்தென்று உருண்டால் சற்றுப் பொறுக்க வேண்டும். கெட்டியாக உருண்டு, எவர்சில்வர் தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஒலித்தால் அதுவே பதம். அளவு குறைவு என்பதால் பாகு விரைவில் முற்றிவிடும்; அடுப்பைவிட்டு நகராதீர்கள்.

தீயை அணைத்துச் சுக்கு, ஏலம், மிளகுத் தூள்களைப் பாகில் கலந்து, கடலையைக் கொட்டி, நெய் விட்டு வேகமாகக் கிளறுங்கள். ஒவ்வொரு மணியிலும் பாகு பூசியதும் அரிசிமாவைத் தூவி, கரண்டியால் பிரித்தபடியே இரண்டு மூன்று நிமிடம் கிளறினால் மணிகள் தனித்தனியே உதிரும். நெய் தடவிய தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து நமத்துப்போகும். எண்ணெய் காறிய வாடை வரத் தொடங்கினால் அந்தக் கடலை வேண்டாம்.

இந்த அளவைப் பன்னிரண்டு பங்காக்கினால், ஒரு பங்கு ஒரு சிறு கைப்பிடிக்குச் சமம். அதில் ஏறத்தாழ 150 கலோரியும் 5 கிராம் புரதமும் இருக்கும். வெல்லம் 7 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இந்த எண்களை நினைவில் கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

பாகுப் புண்ணுக்கு முதலுதவி

வெல்லப் பாகு கொதிநீரைவிடச் சூடானது. கொதிநீர் தோலில் பட்டு வழிந்தோடிவிடும்; பாகோ ஒட்டிக்கொண்டு உள்ளே சுட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே பாகு காய்ச்சும்போது குழந்தைகள் சமையலறையில் இருக்க வேண்டாம். பதம் பார்க்கக் கிண்ணத்து நீரைப் பயன்படுத்துங்கள். விரலை வாணலியிடம் கொண்டுபோக வேண்டாம். கடலையைப் பிரிக்கவும் கரண்டியே போதும்.

கையில் பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடியுங்கள். இருபது நிமிடம் நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மோதிரத்தையும் வளையலையும் வீக்கம் வருமுன் கழற்றுங்கள். ஒட்டிய பாகைப் பிய்த்து எடுக்காதீர்கள், நீரிலேயே இளகட்டும். பனிக்கட்டி, பற்பசை, பேனா மை, மாவு, நெய் எதையும் புண்ணில் தடவ வேண்டாம். அவை சூட்டைத் தணிப்பதில்லை. புண்ணின் ஆழத்தை நாங்கள் பார்க்கவும் தடையாகின்றன. கொப்புளம் பெரிதானாலோ, முகத்திலோ மூட்டிலோ பட்டாலோ, பட்டவர் குழந்தையானாலோ, தண்ணீரில் காட்டிய பிறகு தூய துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

யாருக்கு எவ்வளவு?

இனி, டப்பாவைத் திறக்கும் நேரம். படுக்கையில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்தே இங்கு எல்லாம் மாறும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு: “வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே” என்று பலர் எங்களிடம் சொல்கிறார்கள். இரத்தத்தைப் பொறுத்தவரை வெல்லமும் சர்க்கரையே. கருப்பட்டியும் தேனும் அப்படியே. ஒருவர் ஒரு நாளில் உட்கொள்ளும் மொத்த ஆற்றலில் சேர்க்கப்படும் சர்க்கரை வகைகளின் பங்கு பத்து விழுக்காட்டுக்கும் குறைய வேண்டும், ஐந்து விழுக்காட்டுக்கும் குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் தந்த வழிகாட்டல். ஐந்து விழுக்காடு என்பது பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 25 கிராம். காப்பியிலும் தேநீரிலும் அதன் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. நீரிழிவு உள்ளவருக்கு வெல்லம் சேர்க்காமல் செய்யுங்கள். வறுத்த கடலையில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டு, சுக்கு, மிளகு, சீரகத்தூள், நொறுக்கிய கறிவேப்பிலை தூவிப் புரட்டினால் போதும். கடலை இரத்தச் சர்க்கரையை மெல்லவே உயர்த்தும் உணவு. ஆகவே இந்த வடிவில் ஒரு பங்கு அவர்களுக்கு ஏற்றதே.

ஆனால் ஒன்றைத் தவறாமல் நினைவில் வையுங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு ஷிப்டின் நடுவே சர்க்கரை திடீரென இறங்கி, கை நடுங்கி வியர்த்தால், கடலை மிட்டாயையோ வெல்லக் கடலையையோ கொடுத்துக் காத்திருக்காதீர்கள். கடலையின் கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, 15 கிராம் குளுக்கோஸ் பொடியையோ உடனே கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். தேறாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தேறிய பிறகு கடலை தின்னலாம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 108ஐ அழையுங்கள்.

சிறுநீரக நோயாளிகளுக்கு: 100 கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 700 மில்லிகிராம் பொட்டாசியமும் 370 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரசும் உள்ளன. வெள்ளைச் சர்க்கரையைவிட வெல்லத்தில் பொட்டாசியம் மிகுதி. நல்ல சிறுநீரகம் மிகுந்ததை வெளியேற்றிவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் இயலாது. இரத்தத்தில் பொட்டாசியம் அளவுமீறினால் இதயத்துடிப்பே தடுமாறும். அதற்கு முன்னறிவிப்பாக வலியோ காய்ச்சலோ இருக்க வேண்டியதில்லை. இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவருக்குப் புரதம் கூடுதலாகத் தேவைப்படுவதும் உண்மை. ஆகவே ஒருவருக்கு அறவே கூடாது என்றும், வேறொருவருக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்றும் நாங்கள் சொல்லக்கூடும். அண்மை இரத்தப் பரிசோதனையைப் பார்த்தே முடிவு செய்கிறோம். கேட்காமல் ஒரு மணிகூடக் கொடுக்க வேண்டாம். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் இருப்பவர்களும் கடலை, முந்திரி, பாதாம் ஆகியவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

குழந்தைகளுக்கு: ஐந்து வயது நிரம்பும்வரை முழுக் கடலையோ உடைத்த கடலையோ கொடுக்காதீர்கள். அரைக்கும் பற்கள் சரியாக வளராத வயதில், ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தின்னும்போது கடலை மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தின்னும்போது புரையேறி இருமிய குழந்தை, பிறகு அமைதியாகிவிட்டாலும், ஓரிரு நாளில் இளைப்போ விடாத இருமலோ வந்தால் கட்டாயம் அழைத்து வாருங்கள். “கடலை தின்றபோது புரையேறியது” என்பதை மறக்காமல் சொல்லுங்கள். கடலை எக்ஸ்ரே படத்தில் தெரியாது. நீங்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியமே எங்களுக்கு வழிகாட்டி. சிறு குழந்தைக்குக் கடலையின் சத்து வேண்டுமென்றால், கட்டியில்லாமல் மைய அரைத்து, கஞ்சியிலோ பிசைந்த வாழைப்பழத்திலோ கரைத்துக் கொடுக்கலாம்.

முதியோருக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும்: விழுங்குவதில் இடர் உள்ளவர்களுக்கும் கடலை வேண்டாம். பல் இல்லாத, ஆனால் நன்றாக விழுங்கக்கூடிய தாத்தா பாட்டிக்கு அதையே நைசாகப் பொடித்துக் கேழ்வரகுக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். பித்தப்பை, கணையம் தொடர்பான நோயால் கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், கடலையின் எடையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு என்பதை மறக்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்காக வயிற்றைக் காலியாக வைக்கச் சொன்ன நேரத்தில், “ரெண்டே ரெண்டு மணிதான்” என்றாலும் கூடாது. மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் ஏறும் அபாயம் உண்டு.

இரத்தசோகை உள்ளவர்களுக்கு: தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை காணப்பட்டது. விடுதியில் தங்கி நின்றபடியே வேலை செய்யும் இளம்பெண்கள் களைத்து எங்களிடம் வருகிறார்கள். “தினமும் வெல்லமும் கடலையும் சாப்பிடுகிறேன், மாத்திரை எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். கடலை அவர்களுக்கு நல்லதே. ஆனால் நாம் உண்ணும் அளவு வெல்லத்தில் உள்ள இரும்புச்சத்து மிகச் சிறிது. மருத்துவர் எழுதிய இரும்புச்சத்து மாத்திரைக்கு அது ஈடாகாது. மாத்திரையையும் எடுங்கள், கடலையையும் தின்னுங்கள். இரண்டையும் ஒட்டித் தேநீர் அருந்துவதை மட்டும் தள்ளிப்போடுங்கள்.

இந்த வகைகளில் சேராதவர்கள், அதாவது எலும்பு முறிவிலிருந்து தேறுபவர், காய்ச்சலுக்குப் பின் பசியெடுக்கத் தொடங்கியவர், இரவும் பகலும் நோயாளிக்குத் துணையிருந்து தம் சாப்பாட்டை மறந்துபோன உறவினர் ஆகியோர், நாளுக்கு ஒரு பங்கு தாராளமாகத் தின்னலாம். நோயாளிக்குத் துணையிருப்பவரின் உடல்நலமும் எங்கள் அக்கறைக்கு உரியதே.

பெயரால் வரும் குழப்பம்

சிலருக்கு நிலக்கடலை ஒவ்வாது. தின்ற சில நிமிடங்களிலேயே உதடும் நாக்கும் வீங்கும், உடலெங்கும் தடிப்பு எழும், மூச்சுத் திணறும், வாந்தி வரும், மயக்கம் வரும். இது உயிருக்கு ஆபத்தான நிலை. காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனைக்குள் என்றால் அருகிலுள்ள செவிலியரைக் கூவி அழைக்க வேண்டும்.

சேர்க்கையின்போது “எந்த உணவாவது ஒத்துக்கொள்ளாதா?” என்று நாங்கள் கேட்கிறோம். “கடலை சேராது” என்று பதில் வரும். எந்தக் கடலை? தமிழில் நிலக்கடலையும் கடலை, கொண்டைக்கடலையும் கடலை, பொட்டுக்கடலையும் கடலை. வந்தவாசிக்காரர் மணிலா என்பார். ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து இங்கே வேலை செய்பவர்கள் நிலக்கடலையைச் ‘சீனாபாதாம்’ என்பார்கள்; பேச்சில் ‘பாதாம்’ என்று மட்டும் சொன்னால் நாம் வேறு கொட்டையை நினைத்துக்கொள்வோம். இந்தியில் அது ‘மூங்ஃபலி’. ஆகையால் பெயரோடு நிறுத்தாமல், இயன்றால் பொருளையே காட்டிச் சொல்லுங்கள். உடன் இருக்கும் வெளிமாநில நண்பருக்காகப் பேசுகிறீர்கள் என்றால் கைப்பேசியில் படத்தைக் காட்டி அவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு மணியும் மிகுதி. கடலை கிளறிய கரண்டி பட்டாலும் போதும். ஆகவே பக்கத்துக் கட்டிலாருக்கு அன்போடு பகிர்ந்து கொடுக்கும் வழக்கத்தை மருத்துவமனைக்குள் மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறோம். அடுத்தவர் முகத்தைப் பார்த்து அவருடைய ஒவ்வாமையையோ சிறுநீரகத்தையோ நம்மால் அறிய முடியாது.

டப்பாவின் மேல் மூன்று வரி

எனவே நாங்கள் கேட்பது சிறியதே. வீட்டில் செய்து கொண்டுவரும் எந்தப் பலகாரத்தின் டப்பாவிலும் ஒரு தாளை ஒட்டுங்கள். முதல் வரியில் என்ன பலகாரம், என்னென்ன சேர்ந்தது என்பதை எழுதுங்கள். இரண்டாம் வரியில் செய்த நாள். மூன்றாம் வரியில் யாருக்காகக் கொண்டுவந்தீர்கள் என்று நோயாளியின் பெயரும் கட்டில் எண்ணும். நோயாளியிடம் போகுமுன் அதைச் செவிலியரிடம் காட்டுங்கள். “கொடுக்கலாம்” என்றோ, “நாளைக்கு” என்றோ, “இவருக்கு வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள்” என்றோ அவர் சொல்வார். கடைப் பொட்டலத்தைக் காட்டினால் உள்ளே எவ்வளவு வெல்லம், என்ன எண்ணெய் என்று எங்களுக்கும் தெரியாது. வீட்டில் செய்ததற்கு அந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது.

நோயாளிக்கு வேண்டாம் என்று சொல்லப்பட்டால் மனம் வருந்தாதீர்கள். நீங்கள் வேலை முடிந்த களைப்போடு இரண்டு பேருந்து மாறி வந்ததும், அம்மா ஊரில் அடுப்பருகே நின்று கிளறியதும் வீணாகிவிடவில்லை. டப்பாவை அறைக்கு எடுத்துச் செல்லுங்கள். இன்றிரவு பத்து மணி ஷிப்டுக்குப் போகும் அறைத்தோழருக்கு, அவரிடம் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டு, ஒரு கைப்பிடி கொடுங்கள். நீங்களும் ஒரு கைப்பிடி தின்றுவிட்டுப் படுங்கள். நாளை இரண்டு மணிக்கு நீங்கள் மறுபடி இங்கே வர வேண்டும். நோயாளிக்கு நீங்கள் நலமாக இருப்பதும் தேவை.